ஃபோம் உள்ளீட்டுப் படகுக்கு எபாக்ஸியா, பாலியெஸ்டரா: ரெசின் இறுகும்போது நேரும் பிழைகளை வைத்து ஓர் அலசல்

நடுவில் ஃபோம் பலகையும் இருபுறமும் ஃபைபர்கிளாஸும் வைத்துப் படகு கட்ட முனைவோர், ஃபைபர்கிளாஸை நனைத்து இறுகும் பிசினான ரெசினை (எபாக்ஸி, பாலியெஸ்டர் என்பன அதன் வகைகள்) தேர்ந்தெடுக்கும்போது விலையையும் வலிமையையும் ஒப்பிடுகிறார்கள். இறுகாமல் போனால் எந்த ரெசினில் மீள வழியுண்டு என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பாலியெஸ்டரில் எம்.ஈ.கே.பி. எனும் கேட்டலிஸ்ட் (இறுகுதலைத் தொடக்கிவைக்கும் திரவம்), ரெசின் எடையில் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை சேர்க்கப்படுகிறது; அந்த எல்லைக்குள் கூட்டியும் குறைத்தும் இறுகும் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். குளிரால் தாமதமானால் மிதமான சூடு காட்டித் தேற்றிவிடலாம். மேற்பரப்பு பிசுபிசுப்பது பெரும்பாலும் காற்றுப் பட்டதன் விளைவே. கடைசிப் பூச்சில் மெழுகு கலந்தால் அது தீரும். ஆனால் மெழுகுப் பூச்சின்மேல் தேய்க்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது. பாலியெஸ்டரின் உண்மையான ஆபத்து மிகுவெப்பம். ஃபோம் வெப்பத்தை வெளியேற விடாது என்பதால், ஒரே மூச்சில் பல அடுக்குகளைப் போடும்போது சூடு உள்ளேயே தங்கி, பி.வி.சி. ஃபோம் இளகுவதும், ரெசின் சுருங்கி ஒட்டு விடுவதும் நேரலாம். வினைல் எஸ்டர் எனும் இன்னொரு ரெசின் வகை நீரை நன்கு தாங்கும். இறுகும் விதத்தில் பாலியெஸ்டரின் உறவுதான் என்றாலும், வழக்கமான எம்.ஈ.கே.பி.யைக் கலந்ததும் நுரைக்கும், அது அடங்கும்வரை பொறுக்க வேண்டும்.

எபாக்ஸியின் கணக்கே வேறு. அதில் இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர், ரெசினோடு குறித்த விகிதத்தில் வினைபுரிந்து பிணையும் பங்காளி. வேகம் வேண்டுமென்று கூடுதலாக ஊற்றினால், வினைபுரியாத மிச்சம் உள்ளே தங்கி, அடுக்கு ரப்பர் போலவே நின்றுவிடும். பாலியெஸ்டரில் பழகிய கை செய்யும் பிழை இது. கன அளவில் 2:1 என்று குறித்திருப்பதைத் தராசில் அப்படியே நிறுப்பதும் தவறு. ரெசின், ஹார்டனர் இரண்டின் அடர்த்தியும் ஒன்றல்ல. விகிதம் தவறிய எபாக்ஸியை எந்தச் சூடும் காப்பாற்றாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டும் தகட்டோடு ஃபோமின் மேல்தோலும் பெயர்ந்து வரும். சில ஹார்டனர்கள் ஈரக் காற்றில் மெழுகு போன்ற படலத்தை விடும். தேய்ப்பதற்கு முன்பே அதைத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும், இல்லையேல் தேய்ப்புத் தாள் அதைப் பரப்பிவிடும்.

ஆயினும், தராசு வைத்து ஒவ்வொரு கலவையையும் நிறுக்கும் பொறுமை உள்ளவருக்கு எபாக்ஸியையே சொல்வேன். பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் வகை) ஃபோமை வைத்துக் கட்டுவோருக்கு வேறு வழியும் இல்லை. பாலியெஸ்டரிலும் வினைல் எஸ்டரிலும் உள்ள ஸ்டைரீன் எனும் திரவம் அதைக் கரைத்துவிடும்.

எந்த ரெசினானாலும், வெயில் ஏறும் நேரத்தில் ஃபோமின் முதல் பூச்சைப் போடக் கூடாது. அதன் மேல் துளைகளில் உள்ள காற்று விரிந்து, இளகிய ரெசினில் குமிழ்களாக எழும்பும். வெப்பம் இறங்கும் மாலையில் போட்டால், காற்று சுருங்கி ரெசினை உள்ளிழுத்துக்கொள்ளும்.