மூன்று உருண்டைகளும் ஒரு பனித்துளியும்: மரம், கல், செம்பு – எதில் அச்சிடுவது?

எம்.சி. எஷர் என்ற டச்சுக் கலைஞரை நம்மில் பலருக்கு, ஏறிக்கொண்டே இருந்தாலும் உச்சி வராத படிக்கட்டு, பாய்ந்து விழுந்த தண்ணீரே மறுபடி மேலே போய்ச் சேரும் அருவி என்று கண்ணைக் குழப்பும் படங்கள் வழியாகத்தான் தெரியும். அவர் அடிப்படையில் அச்சுக் கலைஞர் என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. மூன்று வேறு அச்சு முறைகளில் ஏறக்குறைய ஒரே பொருளை அவர் செய்து பார்த்திருக்கிறார். 1945-இல் மரத்தில் 'மூன்று உருண்டைகள் 1', 1946-இல் கல்லில் 'மூன்று உருண்டைகள் 2', 1948-இல் செம்புத் தகட்டில் 'பனித்துளி'. மூன்றும் உருண்டைதான், கையும் ஒரே கைதான். மாறியது மரம், கல், செம்பு என்ற தளம் மட்டும். வுட் எங்கிரேவிங் (மரம்), லித்தோகிராஃபி (கல்), மெசோடின்ட் (செம்பு) இந்த மூன்றில் எது தனக்குப் பொருந்தும் என்று யோசிப்பவர்கள் இந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதைவிட நல்ல ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

மரத்தில் தொடங்கலாம். மரத்தைப் பலகையாக அறுத்து, நார் ஓடும் முகத்தில் செதுக்கினால் அது வுட்கட். குறுக்கே வெட்டி, வளையங்கள் தெரியும் முகத்தில் செதுக்கினால் அது வுட் எங்கிரேவிங். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் குறுக்குவெட்டு முகத்தில் நாரின் இழுப்பு கிடையாது. உளி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும், முடி அளவு கோடும் சிதறாமல் நிற்கும். இதற்குப் பெயர் போனது பாக்ஸ் மரம். மெதுவாக வளரும், தண்டு தடிக்காது. அதனால் கட்டையும் உள்ளங்கை அளவுதான் கிடைக்கும். பெரிதாக வேண்டும் என்றால் துண்டுகளை இணைக்க வேண்டும். மணல் நிரப்பிய தோல் பை ஒன்றின் மேல் கட்டையை வைத்துக்கொள்வார்கள். வளைவு போட வேண்டும் என்றால் உளி பிடித்த கை பெரிதாகத் திரும்பாது, அடுத்த கை கட்டையைத் திருப்பிக் கொடுக்கும்.

வெட்டிய இடம் வெள்ளை, வெட்டாத இடம் கறுப்பு, அவ்வளவுதான். சாம்பல் நிறம் என்று மரத்துக்கு ஒன்று கிடையாது. கோடுகளை நெருக்கியும் விலக்கியும் கண்ணை நம்ப வைக்க வேண்டும். 'மூன்று உருண்டைகள் 1' இந்தக் குறையையே படமாக்குகிறது. மேலே வளைகோடுகளால் ஆன ஓர் உருண்டை, தொட்டால் கையில் நிற்கும் போல இருக்கும். நடுவில் அதே வட்டம், காகிதத் தட்டு மாதிரி பாதியாக மடங்கி நிற்கிறது. அடியில் அதுவே மேசைப்பலகை போலப் படுத்துக் கிடக்கிறது. அதாவது, மேலே பார்த்ததும் வெறும் தட்டை வட்டம்தான், உருட்டியது கோடு. மரத்தில் செதுக்குகிறவர் கோட்டாலேயே யோசித்தாக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாகத் தெரியவில்லை.

இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்தைச் சேர்ந்த தாமஸ் பிவிக். 1797-இலும் 1804-இலும் இரண்டு பாகங்களாக வந்த அவருடைய பறவை நூலில் ஒவ்வோர் இறகும் தனித்தனி வெள்ளைக் கோடு. பின்னணி மங்கலாகத் தெரிய வேண்டிய இடத்தில் கட்டையின் முகத்தையே அவர் லேசாகச் சீவித் தாழ்த்திவிடுவார். அங்கே பிரஸ்ஸின் அழுத்தம் குறையும், மையும் மெலிதாக விழும். இன்னொரு வசதியும் உண்டு. கட்டையின் உயரத்தை, அச்சுக் கோக்கும் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக வைத்தால், எழுத்தையும் படத்தையும் ஒரே ஓட்டத்தில் அச்சடித்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் மரத்தைப் பிடித்துக்கொண்டது இதனால்தான். உழைப்பதிலும் மரத்துக்கு ஈடில்லை. தன்னுடைய கட்டை ஒன்று ஒன்பது லட்சம் அச்சுப் படிகளுக்கு மேல் தாங்கியது என்று பிவிக் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

சரி, கல்லுக்கு வருவோம். லித்தோகிராஃபிக்குத் தமிழில் கல்லச்சு என்று அழகான பேரே இருக்கிறது. இதில் செதுக்கும் வேலை இல்லை. சுண்ணாம்புக் கல்லின் முகத்தைச் சமமாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை உள்ள பென்சிலாலோ மையாலோ வரைவார்கள். அப்புறம் கம் அராபிக் பிசினும் கொஞ்சம் அமிலமும் கலந்து பூசுவார்கள். வரைந்த இடம் எண்ணெயைப் பிடிக்கும், வரையாத இடம் தண்ணீரைப் பிடிக்கும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் மை கோட்டின் மேல் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கிற தொழில் இது. 1790-களின் கடைசியில் ஜெர்மனியின் பவேரியாவில் இதைக் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சடிக்க வழி தேடியவர். வெளுக்கப் போட்ட துணிக் கணக்கைக் காகிதம் இல்லாமல் கல்லின் மேல் எழுதியதுதான் தொடக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதற்குப் பேர்போன கல் அங்கே சோல்ன்ஹோஃபனில் கிடைப்பது. அதே கல்லுக்குள்தான் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் புதைபடிவமும் கிடைத்தது. அதன் அறிவியல் பெயரின் பின்பாதி 'லித்தோகிராஃபிகா'. கல்லச்சின் பேரைத்தான் அந்தப் பறவை சுமந்துகொண்டிருக்கிறது.

நன்றாக வரையத் தெரிந்தவருக்குக் கல்லைவிட இதமான பொருள் இல்லை. காகிதத்தில் பென்சில் போவது போலவே போகும், கல்லின் நுண்ணிய சொரசொரப்பு சாம்பல் நிறத்தைத் தானாகவே கொடுக்கும். ஸ்பானிய ஓவியர் கோயா எழுபத்தொன்பது வயதில், 1825-இல், பிரான்ஸின் போர்தோ நகரத்தில் இருந்தபடி காளைச் சண்டைகளைக் கல்லில் வரைந்தார். அந்த வயதில் அவரால் மரத்தைச் செதுக்கியிருக்க முடியுமா என்று தோன்றுகிறது. கேலிச்சித்திரக்காரர் ஓனொரே தோமியே பாரிஸ் பத்திரிகைகளுக்காகக் கிட்டத்தட்ட நாலாயிரம் கல்லச்சுகள் போட்டார். மன்னரைக் கேலி செய்த ஒரு படத்துக்காக 1832-இல் சிறைக்கும் போனார். அந்த வேகம் கல்லில்தான் சாத்தியம்.

எஷரின் 'மூன்று உருண்டைகள் 2' இந்த இதத்தை முழுக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. இடது பக்கம் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை, வலது பக்கம் பளபளப்பே இல்லாத உருண்டை, நடுவில் கண்ணாடிபோல எதிரொளிக்கும் உருண்டை. அதற்குள் எஷர் உட்கார்ந்து இந்த மூன்று உருண்டைகளையும் வரைந்துகொண்டிருக்கிறார். மூன்று பரப்புக்கும் மூன்று விதமான சாம்பல். மரத்தில் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோடுகள் குறுக்கே வந்து நின்றிருக்கும்.

கல்லுக்கு விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். நடுத்தர அளவுக் கல்லைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அமிலத்தின் அளவு தவறினால் வரைந்த மென்மையான பகுதி கருகும் அல்லது காணாமல் போகும். எஷர்கூடத் தன் கல்லச்சுகளைத் தொழில்முறை அச்சாளரிடம்தான் கொடுத்தார். தேவையான படிகள் எடுத்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். தேய்த்த பிறகு பழைய படத்துக்கு இன்னொரு படி கிடையாது. மரக்கட்டை அப்படியில்லை, அலமாரியில் இருக்கும். மை தடவி, காகிதத்தைப் போர்த்தி, சிறிய எலும்புக் கரண்டியால் முதுகில் தேய்த்து எஷர் தானே படி எடுத்துக்கொள்வார். பிரஸ்ஸே வேண்டாம். தனியாக வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். (நம் பூஜை அறையில் தொங்கும் ஆஃப்செட் காலண்டர் சாமி படம் கல்லச்சின் பேரப்பிள்ளை. கல்லின் இடத்தில் உலோகத் தகடு வந்தது, எண்ணெய்–தண்ணீர்த் தத்துவம் மாறவில்லை.)

மெசோடின்ட்டைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றேதான். மற்ற இரண்டையும் ஒருவருக்குச் சிபாரிசு செய்யலாம். மெசோடின்ட்டை அப்படிச் செய்ய முடியாது. அதற்கு ஆள் தானாக வர வேண்டும்.

1642-இல் லுட்விக் ஃபொன் ஸீகன் என்பவர் இந்த வழியில் ஒரு சீமாட்டியின் உருவத்தை அச்சிட்டதுதான் முதல். இப்போது செய்யும் முறை இது: ராக்கர் என்ற கருவியின் வளைந்த விளிம்பில் நெருக்கமான பற்கள் இருக்கும். செம்புத் தகட்டின் மேல் அதைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டே நகர்த்த வேண்டும். ஒரு பக்கமாக முடித்ததும், கொஞ்சம் கோணம் மாற்றி மறுபடி, பிறகு இன்னொரு கோணம். இருபது முப்பது திசைகளில் ஆட்டி முடிக்கும்போது தகடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செம்பு முட்கள் எழும்பி நிற்கும். இதற்கே நாட்கணக்கில் ஆகும். இந்த நிலையில் அச்சடித்தால், முட்களில் மை தங்கி, வெல்வெட் போன்ற ஒரே கறுப்பு வரும். படம் என்று இன்னும் எதுவும் இல்லை.

அதன் பிறகுதான் படம் தொடங்குகிறது. முட்களைச் சுரண்டி, தேய்த்து, வெளிச்சத்தை இருட்டுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். கொஞ்சம் சுரண்டினால் அடர்ந்த சாம்பல், இன்னும் சுரண்டினால் வெளிர் சாம்பல், முழுக்க மெருகேற்றினால் வெள்ளை. கோடே இல்லாத மாற்றம் இது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடப்பதாக ஆங்கில ஓவியர் ஜோசஃப் ரைட் வரைந்த காற்றுப் பம்ப் பரிசோதனை ஓவியத்தை வாலன்டைன் கிரீன் 1769-இல் மெசோடின்ட்டாக மாற்றினார். அந்த இருட்டைத் தாங்க வேறு முறையால் முடிந்திருக்காது. தவறு நேர்ந்தால், அந்த இடத்தை மறுபடி ராக்கரால் ஆட்டி முள் எழுப்பிக்கொள்ளலாம். மரத்தில் தவறாக வெட்டினால், அந்தத் துண்டை எடுத்துவிட்டு வேறு மரம் பதிக்க வேண்டும்.

குறை என்னவென்றால், முட்கள் ஒவ்வொரு அச்சிலும் நசுங்கும். செம்பில் நல்ல படிகள் ஐம்பது, நூறு தாண்டுவது கடினம். 1820-களில் எஃகுத் தகடு வந்த பிறகு ஆங்கில ஓவியர் ஜான் மார்ட்டின் போன்றவர்கள் அதிலேயே வேலை செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானியக் கலைஞர் ஹமாகுச்சி யோசோ பல தகடுகளைச் சேர்த்து வண்ண மெசோடின்ட் செய்தார். அவருடைய செர்ரிப் பழங்கள் கறுப்புக்குள் கங்கு போலக் கனிந்துகொண்டிருக்கும்.

எனவே, வீட்டு மேசையில் ஒரு விளக்கு, ஒரு கரண்டியோடு தொடங்க நினைப்பவர் மரத்துக்குப் போகட்டும். வரைவதே உயிர் என்பவர், அச்சுக்கூடமும் நல்ல அச்சாளரும் பக்கத்தில் இருந்தால், கல்லுக்குப் போகட்டும். வரைய நினைப்பது இருட்டிலிருந்து எழும் பொருளாக இருந்தால் மட்டும் மெசோடின்ட். எஷரே வாழ்நாளில் எட்டுதான் செய்தார்.

அந்த எட்டில் ஒன்று 'பனித்துளி'. சதைப்பற்றான ஓர் இலை, அதன் மேல் ஒரு துளி. துளிக்குள் இலை நரம்புகள் பெரிதாகித் தெரிகின்றன, மேல் வளைவில் ஓர் அறையின் ஜன்னல் வெளிச்சமாக விழுந்திருக்கிறது. அந்த ஜன்னல் இருக்கும் இடத்தில் தகட்டைத் தடவிப் பார்க்க முடிந்தால் வழுவழுவென்று இருக்கும். மை ஒட்ட ஒரு முள்கூட மிச்சமில்லாத வரை அதைத் தேய்த்திருக்கிறார்.