ரிச்சி தெரு மாடிக்கடை: ஃபார்மட் செய்யாமல் தீர்ந்த அப்டேட் தொல்லை

2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம், என் லேப்டாப்பில் ஒரே ஒரு விண்டோஸ் 10 அப்டேட் மட்டும் ஏற மறுத்து முரண்டு பிடித்தது. மற்றவை எல்லாம் ஒழுங்காக ஏறின. கேபி5034441 என்ற இது மட்டும் இறங்கும், சதவீதம் கூடும், பிறகு 0எக்ஸ்80070643 என்ற எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பக்கத்திலிருக்கும் ‘ரீட்ரை’ பொத்தானை அழுத்தினால் மறுபடியும் அதே கதைதான். இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொடுத்த, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறு கடையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள் இன்றும் என்னிடம் வருகின்றன. அவற்றைத் திறப்பதற்காக, எங்கிருந்து வந்தன என்று எனக்கே நினைவில்லாத எழுத்துருக்களையும் விசைப்பலகை அமைப்புகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். எனவே, வீட்டருகே இருக்கும் ஒரு கடையில் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், “ஃபார்மட் அடிச்சிரலாம் சார், 800 ரூபாய்” என்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றும் வழியைச் சொன்னபோது, பையை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதற்கு முன்பே நானும் சும்மா இருக்கவில்லை. விண்டோஸிலேயே உள்ள ட்ரபிள்ஷூட்டரை ஓட்டினேன்; சரிசெய்துவிட்டதாகச் சொன்னது, எதுவும் சரியாகவில்லை. அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு, ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ ஃபோல்டரில் தேங்கியிருந்தவற்றைத் துடைத்துவிட்டு மீண்டும் இறக்கினேன். விண்டோஸின் கோப்புகளைச் சோதிக்கும் டிஸ்ம், எஸ்எஃப்சி ஆகிய இரு கட்டளைகளையும் ஓட்டினேன். கணினிக் கோப்புகளில் ஒரு பழுதும் இல்லை என்று இரண்டும் நற்சான்று கொடுத்தன. பிழை எண்ணை இணையத்தில் தேடியதுதான் பெரிய வழிதவறல், ஏனென்றால் அதே எண், செயலிகள் ஓடத் தேவையான டாட்நெட்டின் அப்டேட் கெட்டாலும் வரும், வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் அப்டேட் கெட்டாலும் வரும். ‘நிறுவ முடியவில்லை’ என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

நண்பர் ஒருவர் சொல்லி, சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கடை முதல் மாடியில், செங்குத்தான படிக்கட்டின் முடிவில், இரண்டு மேசை அளவே உள்ள அறை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான்; அதிலும் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவருடைய லேப்டாப்பிலும் எந்த அப்டேட்டும் இறங்கவில்லையாம். காரணம், மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி செத்துப்போய், கணினியின் தேதி சில ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தேதி தவறாக இருந்தால் அப்டேட் சர்வருடன் பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது. ஒரு பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி அவரை அனுப்பிவிட்டார் கடைக்காரர். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “எல்லா அப்டேட்டும் நிக்குதா, இது ஒண்ணு மட்டுமா சார்?” என்பதுதான். இது மட்டும் என்றதும், அப்டேட் வரலாற்றைத் திறந்து எண்ணைப் பார்த்தார், தலையசைத்தார். அது 2024 ஜனவரி 9 அன்று வெளியான பாதுகாப்புத் திருத்தம். விண்டோஸ் கிளம்பாதபோது உதவுவதற்கென்று வட்டில் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும் ‘ரெகவரி’ பகுதியின் வழியாக, வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைய முடிந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காக வந்தது. அது ஏற வேண்டுமானால் ரெகவரி பகுதியில் 250 எம்.பி. இடம் காலியாக இருக்க வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அவ்வளவு இடம் இல்லை. இடம் போதவில்லை என்று சொல்ல வேண்டிய நேரத்தில் பொதுவான தோல்வி எண் திரையில் வந்துவிடுகிறது என்பதை விண்டோஸின் ஆதரவுப் பக்கமே ஒப்புக்கொள்கிறது. சி டிரைவில் எத்தனை ஜி.பி. காலியாக இருந்தாலும் இதற்குப் பயன்படாது.

இங்கே நான் ஒரு சந்தேகம் எழுப்பினேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் என் ரெகவரி பகுதி 529 எம்.பி., 100 சதவீதம் காலி என்றல்லவா இருக்கிறது? அவர் சிரித்துவிட்டு, “அந்தத் திரை இதுக்கு எப்பவுமே நூறுன்னுதான் சொல்லும் சார், உள்ள எட்டிப் பார்க்கறதில்ல” என்றார். பிறகு ஒரு கட்டளையால் அந்தப் பகுதிக்கு சி டிரைவுக்கு இருப்பதுபோல் ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துத் திறந்து காட்டினார். ஒரே ஒரு கோப்பு, வின்ஆர்இ என்ற பெயரில், 400 எம்.பி.க்கு மேல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மிச்சம் எவ்வளவு என்று நானே மனக்கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் காட்டிய நிதானத்துக்காகத்தான் இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். வட்டின் பகுதிகளில் கை வைப்பதற்கு முன் என் கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கச் சொன்னார். அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதைக் கவனித்து, என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுதியதைத் தொழில் பழக்கத்தில் இருமுறை ஒப்புநோக்கினேன். ஓரிடத்தில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன்.

அடுத்து, ரீஏஜென்ட்சி என்ற கட்டளையால் மீட்பு வசதியை முடக்கினார். அப்படி முடக்கும்போது அந்த வின்ஆர்இ கோப்பு சி டிரைவுக்குள் நகர்ந்துவிடும். உடனே பழைய பகுதியை அழித்துவிடாமல், கோப்பு உண்மையிலேயே வந்து சேர்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே, வட்டைப் பகுதி பிரிக்கும் கருவியான டிஸ்க்பார்ட்டைத் திறந்தார். வராத நிலையில் அழித்திருந்தால், புதிய பகுதி வெறும் கூடாகத்தான் இருந்திருக்கும். சி டிரைவின் வால்பகுதியில் 250 எம்.பி.யைச் சுருக்கி, பழைய ரெகவரி பகுதியை அழித்து, அந்த இடத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்கி, அதற்குரிய அடையாள எண்ணைக் கொடுத்து, மீட்பு வசதியை மறுபடி இயக்கினார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். ‘ரீட்ரை’ பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார். ஒரு மாதமாக முரண்டு பிடித்த அப்டேட் டீ ஆறுவதற்குள் ஏறிவிட்டது.

கட்டணம் 500 ரூபாய். ரசீது கேட்டபோது ஒரு துண்டுத் தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் செலவுக் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு அது உதவாது. மதியத்துக்குள் போகாவிட்டால் வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போகும். மூட்டுவலி உள்ளவர்கள் அந்தப் படிக்கட்டை நினைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இன்னொரு குறையும் உண்டு: வேலை செய்யும்போது அவர் தாமாக எதையும் விளக்க மாட்டார், கேட்டால்தான் சொல்வார். நான் கேள்வி கேட்கும் பேர்வழி என்பதால் இத்தனையும் தெரிந்துகொண்டேன்.

இந்த வேலைக்கான வழிமுறை ஆதரவுப் பக்கத்திலேயே இருக்கிறது, கட்டளைக்குப் பழகியவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தானியங்கித் தீர்வு எதுவும் இனி வராது, கையால்தான் செய்தாக வேண்டும் என்று சில மாதங்கள் கழித்து அதே பக்கத்தில் அறிவிப்பும் வந்தது. ஆனால் டிஸ்க்பார்ட்டில் ஒரு பகுதி எண்ணைத் தவறாகக் கொடுத்தால் அது இரண்டாம் முறை கேட்காது, சொன்னதை அழித்துவிடும். என் எழுத்துருக்களை வைத்து அந்தப் பரீட்சை எழுத எனக்குத் துணிவில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட பிறகு மறுபடியும் ஒருமுறை அங்கே போனேன். என் லேப்டாப்பின் பிராசஸர் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. எப்படியாவது ஏற்றித்தர முடியுமா என்று கேட்டேன். “ஏத்திரலாம் சார், ஆனா அடுத்த அப்டேட் நிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். கூடுதல் ஓராண்டுப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் பதிவுசெய்து கொடுத்துவிட்டு, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

போகிறவர்கள் சார்ஜரையும் காலியான வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். மீட்புச் சாவி கிடைக்காமல் அவர் வட்டைத் தொடுவதில்லை.