எரிமலைக் கல்லில் திராட்சை: பயோடைனமிக் வேண்டுமா, ஆர்கானிக் போதுமா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மில்டன்-ஃப்ரீவாட்டர் பக்கம் சில தோட்டங்களில் மண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். புளூ மலைகளிலிருந்து ஆறு உருட்டிக் கொண்டுவந்து கொட்டிய பசால்ட் என்ற எரிமலைக் கூழாங்கற்கள்தான் எங்கும். 1996இல் அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டோஃப் பரோன், திராட்சைக்கு இதுவே சரியான இடம் என்று முடிவு செய்தார். 1997இல் அவர் தொடங்கிய கேயூஸ் ஒயின் தோட்டம், 2002 முதல் பயோடைனமிக் என்ற இயற்கை வேளாண் முறையில் நடக்கிறது.

இந்தக் கல்காட்டுக்கு ஆர்கானிக் போதாதா? ரசாயன உரமும் களைக்கொல்லியும் ஆர்கானிக், பயோடைனமிக் இரண்டிலுமே கிடையாது. சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிக்க இரண்டிலுமே அனுமதி உண்டு.

பிரிவது கொம்பில். பயோடைனமிக்கில் பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்துவைத்து, பிறகு அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் வலமும் இடமுமாகச் சுழற்றித் தெளிக்கிறார்கள். 1924இல் இந்த முறையை வகுத்த ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் சொன்னது. நம்மூர் இயற்கை விவசாயிகள் கொம்பு சாண உரம் என்பார்களே, அதேதான். ஏக்கருக்குச் சில பத்து கிராம். கலிபோர்னியாவில் ஒரு மெர்லோ வகைத் திராட்சைத் தோட்டத்தில் ஆறு ஆண்டுகள் இரண்டையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில், மண்வளத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பழத்தின் வேதியியலில் மட்டும் சிறு மாற்றங்கள். எனக்கு இது போதவில்லை.

ஆனால் பயோடைனமிக் சான்று தரும் டிமீட்டர் அமைப்பு பண்ணை முழுவதையும் ஒரே உயிராகப் பார்க்கிறது. அமெரிக்க விதிப்படி பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பல்லுயிருக்கு விட வேண்டும்; உரம் முடிந்தவரை சொந்த மாட்டுக் கொட்டகையிலிருந்தே வர வேண்டும். ஆர்கானிக்கில் மூட்டை உரத்தை விலைக்கு வாங்கிப் போட்டும் சமாளித்துவிடலாம். ஊற்றிய தண்ணீர் நிற்காத கல் நிலத்தில் ஆண்டுதோறும் மக்கு உரம் சேர்ப்பதுதான் பெரிய வேலை. அதை விடாமல் செய்யவைப்பது பயோடைனமிக். பரோனின் இன்னொரு நிறுவனமான ஹார்ஸ்பவரில் கொடிகளை மிக நெருக்கமாக நட்டு, குதிரை பூட்டி உழுகிறார்கள். கூலி எகிறும், சந்தேகமே இல்லை.

உறைபனிக்கு இரண்டிலுமே மருந்தில்லை. குளிர்காலத்துக்கு முன் கொடியின் கிளைகளை மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

ஆக, விவசாயியாக இருந்தால் பயோடைனமிக் பக்கம் சாய்வேன், கொம்பு இல்லாமலே. வாங்குபவராக இருந்தால் அந்த முத்திரைக்கென்று கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். 2015இல் ராக்ஸ் டிஸ்ட்ரிக்ட் என்ற பெயரில் தனி ஒயின் வட்டாரமாக அங்கீகாரம் பெற்ற இந்த வட்டாரத்து சிரா ஒயினில் வரும் ஆலிவ், புகை, உப்புக்கண்ட வாசம், பயோடைனமிக் செய்யாத பக்கத்துத் தோட்டங்களின் பாட்டிலிலும் வருகிறதே!