மலிவு மல்டிமீட்டர் டிடி-830டி: பைக் சார்ஜிங் பார்க்கப் போதுமா?

முக்கால்வாசி போதும். மீட்டர் டயலை டிசி 20-ல் (20 வோல்ட் வரை அளக்கும் இடம்) வைத்து, பேட்டரி டெர்மினலிலேயே புரோபை வையுங்கள். என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவுக்கு இருந்தால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் 13.5-லிருந்து 14.5-க்குள் நிற்கணும். 15-ஐத் தாண்டினால், சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம்.

ஏறவே இல்லையா? ஸ்டேட்டரிலிருந்து (என்ஜினில் கரண்ட் உண்டாக்கும் காயில்) மூன்று ஒயர் வரும் மூன்று ஃபேஸ் வண்டியென்றால், அதன் கப்ளரைக் கழற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஏசி 200-ல் மூன்று ஒயரையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டணும். ரேஸ் செய்தால் சேர்ந்தே ஏறணும். ஒரு ஜோடி மட்டும் படுத்தால் காயில் போச்சு.

சொதப்புவது ஓம்ஸில், அதாவது ரெசிஸ்டன்ஸ் அளப்பதில். ஸ்டேட்டர் காயில் பெரும்பாலும் 1 ஓமுக்கும் கீழே. புரோப் ஒயரே கிட்டத்தட்ட அந்த அளவு காட்டும். காயில் ஒயர் வண்டி பாடியோடு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஓம்ஸை நம்பலாம்.

மீட்டருக்கு உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் ரீடிங் கூடுதலாகக் காட்டும். நல்ல ரெகுலேட்டரைத் தூக்கிப்போடுவது இப்படித்தான்! 10 ஆம்ப் சாக்கெட்டுக்குப் பல பீஸ்களில் ஃபியூஸ் கிடையாது. அதில் ஒயரைச் செருகி செல்ஃப் அடித்தால் மீட்டர் புகைந்துவிடும். கூட வரும் புரோப் மெல்லிசு, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.