24 லிட்டர் ஆயில் ஃப்ரீயா, 2 ஹெச்பி பெல்ட் கம்ப்ரசரா? வீட்டு ஷெட்டுக்கு எது சரிப்படும்

கம்ப்ரசர் வாங்கக் கடைக்குப் போனால் பேச்சு நேராக "எத்தனை ஹெச்பி வேணும்" என்பதில்தான் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்த்துவிட்டுப் போங்கள்: உங்கள் டூல் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைக் குடிக்கும், மீட்டர் பெட்டியிலிருந்து ஷெட்டுக்கு வரும் ஒயர் எத்தனை கனம். இந்த இரண்டும் தெரிந்தால் எந்த மெஷின் என்பது பாதி முடிவாகிவிடும்.

என்னிடம் இப்போது இரண்டு வகையும் இருக்கின்றன. முதலில் வாங்கியது 750 வாட்ஸ் ஆயில் ஃப்ரீ (பம்ப்புக்கு ஆயில் ஊற்றத் தேவையில்லாதது), 24 லிட்டர் டேங்க். அப்புறம் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து எடுத்தது 2 ஹெச்பி பெல்ட் டைப் (மோட்டார் பெல்ட் வழியாகப் பம்ப்பைச் சுற்றுவது), 100 லிட்டர் டேங்க்.

ஆயில் ஃப்ரீயை ஒரு ஆளே தூக்கி வைத்துவிடலாம். பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசலாம், அந்த அளவுக்குத்தான் சத்தம். ஓடும்போது நாலைந்து ஆம்ப்ஸ்தான் இழுக்கும். பைக், கார் டயருக்குக் காற்றடிக்க, மரத்தூள் ஊத, பிராட் நெயிலரில் (காற்றால் சின்ன ஆணி அடிக்கும் கன்) மரப் பீடிங் அடிக்க இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நெயிலர் ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு மடக்கு காற்றுதான் எடுக்கும், அடுத்த ஆணி வைப்பதற்குள் டேங்க் நிரம்பிவிடும்.

பெயின்ட் என்று வந்தால்தான் கதை மாறுகிறது. ஒரு பழைய இரும்பு பீரோவுக்கு இதை வைத்து ஸ்ப்ரே பண்ண ஆரம்பித்தேன். முதல் கதவில் பாதி வரைக்கும் பட்டுப் போல வந்தது. அதற்குக் கீழே விசிறி மாதிரி விரிந்த பெயின்ட் சுருங்கி, சொட்டுச் சொட்டாகத் தெறித்தது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். டேங்கில் காற்றழுத்தம் 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும் வரை கிடைக்கும் காற்று 24 × 5, அதாவது 120 லிட்டர். சாதாரண ஸ்ப்ரே கன் 8 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 8 கன அடி, சுமார் 225 லிட்டர் கேட்கும். இந்த மெஷின் உண்மையில் 80 லிட்டர் கொடுத்தால் அதிகம். பற்றாக்குறை நிமிடத்துக்கு 145 லிட்டர், ஆக ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதே கன்னை 2 ஹெச்பி மெஷினில் மாட்டினால் பம்ப் சுமார் 170 லிட்டர் கொடுக்கும், டேங்க் கையிருப்பு 100 × 5, அதாவது 500 லிட்டர். விடாமல் அழுத்திப் பிடித்தாலும் ஒன்பது நிமிடம் ஓடும், நடுவில் விட்டு விட்டு அடிக்கும்போது முழு பீரோவும் முடிந்துவிடும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் அளவு, கன்னுக்கு வந்து சேரும் அளவு இல்லை. வந்து சேருவது கணிசமாகக் குறைவு. எஃப்ஏடி, அதாவது உண்மையில் வெளியே வரும் காற்று, எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

அப்படியானால் பெல்ட் டைப்தானே என்று கிளம்பிவிடாதீர்கள், கரண்ட் விஷயம் இருக்கிறது. அதை ஷெட்டில் இறக்கிய அன்று சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமியது, பெல்ட் நடுங்கியது, ஆனால் வீல் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிட்டது. மோட்டார் காயில் போயிருக்கும் என்றுதான் முதலில் பயந்தேன். காயில் நன்றாகவே இருந்தது, குறை ஒயரில்.

2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 11 ஆம்ப்ஸ் மாதிரி எடுக்கும். கிளம்பும் அந்த நொடியில் அது ஐந்தாறு மடங்கு, கிட்டத்தட்ட 60 ஆம்ப்ஸ். ஷெட்டுக்குப் போன பழைய ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம், தூரம் 25 மீட்டர். அந்த ஒயரிலேயே 36 வோல்ட் காணாமல் போகும். சாயங்காலம் எங்கள் தெருவில் 200 வோல்ட்தான் வரும். மோட்டாருக்குச் சேர்வது 164. வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் முறுக்கு விசை அதன் இருமடியில் குறையும். ஆக 230-க்கு இருக்க வேண்டிய பலத்தில் பாதிதான் மிச்சம். எப்படிச் சுற்றும்?

மீட்டர் பெட்டியிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் தனியாக இழுத்து, நல்ல எர்த்தோடு 20 ஆம்ப்ஸ் சி கர்வ் எம்சிபி (ஆரம்ப இழுப்பைத் தாங்கும் வகை) போட்ட பிறகு ஒரே தட்டில் கிளம்புகிறது. பி கர்வ் எம்சிபி இந்த ஆரம்ப இழுப்புக்கே விழுந்துவிடலாம். ஜங்ஷன் பாக்ஸ் ஒயரை நீட்டி கம்ப்ரசரை வேலை இடத்துக்கு இழுத்துப் போவதை விட்டுவிடுங்கள். மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், காற்று ஹோஸை நீட்டுங்கள்.

ஒயர் சரியாக இருந்தும் உறுமினால், மெஷின் நிற்கும்போது பிரஷர் சுவிட்ச் பக்கம் 'புஸ்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிஸ்டன் மேல் நிற்கும் காற்றை வெளியே விடும் சத்தம் அது. வரவில்லை என்றால் அடுத்த முறை மோட்டார் அந்த அழுத்தத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

வீட்டில் த்ரீ ஃபேஸ் லைன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், த்ரீ ஃபேஸ் மோட்டாரே வாங்குங்கள். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரின் தொல்லை இதில் கிடையாது. வீட்டு இன்வெர்ட்டர் எந்தக் கம்ப்ரசருக்கும் ஆகாது. ஜெனரேட்டர் என்றால் 1 ஹெச்பிக்கே 3 கேவிஏ வேண்டும். தோட்டத்து இலவச மின்சார லைனில் கொக்கி போடும் யோசனை வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள், அது விவசாயத்துக்குக் கொடுத்தது.

பராமரிப்பில் ஆயில் ஃப்ரீ சுலபம், ஆனால் ரிங் தேய்ந்தால் பெரும்பாலும் பம்ப்பையே மாற்றச் சொல்வார்கள். பெல்ட் டைப்புக்கு ஆயில் பார்க்க வேண்டும், சத்தமும் அதிகம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் போடுவதில்லை. ஆனால் வால்வு பிளேட், ரிங், பெல்ட் எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். 1960-இல் தொடங்கிய கோவை எல்ஜி மாதிரி பழைய கம்பெனி மெஷின் என்றால் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுவது நம் பக்கம் கஷ்டமில்லை.

பெயின்ட், சாண்டர் (காற்றில் ஓடும் தேய்ப்பு மெஷின்) எண்ணமே இல்லை என்றால் ஆயில் ஃப்ரீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பணம் மிச்சம். அந்த எண்ணம் துளி இருந்தாலும் பெல்ட் டைப்புக்கும் ஒயருக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். பழையது வாங்கினால் டேங்குக்கு அடியில் இருக்கும் டிரெயின் வால்வை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தண்ணீர் வருவது இயல்பு. செங்காவி நிறத்தில் துரு செதில் செதிலாக விழுந்தாலோ, டேங்கில் எங்காவது வெல்டிங் ஒட்டு தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.