நெஞ்சில் மாட்டும் கேமரா பட்டை: இறக்கம் இறக்கமாகத் தெரிகிறதா?

மவுண்டன் பைக் படங்களைப் பார்த்துப் பார்த்து, நானும் அப்படி ஒன்று எடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஆக்‌ஷன் கேமராவை நெஞ்சில் மாட்டும் இந்தப் பட்டையை வாங்கினேன். நான்கு மாதமாக வாரம் தவறாமல் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன்.

ஹெல்மெட் மேல் கேமரா இருந்தால் திரையில் வெறும் தரைதான் ஓடும், எவ்வளவு பயங்கரமான இறக்கமும் மண் ரோடு மாதிரி ஆகிவிடும். நெஞ்சில் வைத்தால் கைகளும் ஹேண்டில்பாரும் படத்துக்குள் வந்துவிடுகின்றன. முன்சக்கரம் கல்லிலிருந்து விழும்போது முழங்கை மடங்குவதும், பிரேக்கில் ஒற்றை விரல் இறுகுவதும் அப்படியே தெரிகின்றன. பார்ப்பவர் வயிற்றைக் கலக்குவது அதுதான். இதற்காகவே வாங்கலாம்.

குறை என்னவென்றால், வியர்வையில் நனைந்ததும் பட்டை இளகுகிறது, கேமரா மெல்லக் கீழே சாய்கிறது. ஒரு நாள் காலை முழுக்க பைக்கைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, அப்புறம் இறங்கிய அருமையான இறக்கம் முழுவதும் என் முழங்கால் மட்டும்தான் பதிவாகியிருந்தது. மனசே விட்டுப்போனது. இப்போது கேமராவைத் தலைகீழாக மாட்டுகிறேன். அப்படி மாட்டினால் லென்ஸை இன்னும் மேலே தூக்க முடிகிறது, படத்தைக் கேமராவே நிமிர்த்திக்கொள்ளும். நிமிர்ந்து நிற்கும்போது அது மரத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும். பைக்கில் குனிந்ததும் பாதை சரியாக நடுவில் வரும்.

சரி, இவ்வளவு செய்தும் செங்குத்து முழுசாக வருகிறதா என்றால், இல்லை. 45 பாகை சரிவின் விளிம்பில் நின்றால் கால் நடுங்கும், வீடியோவில் அது சாதாரண மேடு. சரிவோடு சேர்ந்து கேமராவும் முன்னால் சாய்ந்துவிடுவதால் எது மட்டம் என்று கண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை. வைட் லென்ஸ் வேறு தூரத்தில் இருப்பதையெல்லாம் சின்னதாக்கிவிடுகிறது. தொடுவானத்தை நேராக வைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது பக்கவாட்டுச் சாய்வைத்தான் சரிசெய்யும்.

இதற்கு வழி, கேமரா வெளியே நிற்பதுதான். 2015இல் வந்த அன்ரியல் என்ற மவுண்டன் பைக் படத்தில் பிராண்டன் செமனுக் என்ற வீரர் ஓட்டும் பகுதியை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில், கூடவே ஓடும் வண்டியிலிருந்து எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு ஜம்ப்பின் உயரமும் பக்கவாட்டில் தெரிவதால் அதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மூச்சு நிற்கும். அமெரிக்காவின் யூட்டாவில், செங்குத்தான பாறைச் சரிவுகளில் பைக்கில் இறங்கும் ரெட் புல் ராம்பேஜ் போட்டியையும் இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள்: ஓட்டுபவரின் கேமராவில் ஒரு ஓட்டம், தூரத்திலிருந்து எடுத்த அதே ஓட்டம். இரண்டாவதில்தான் அது பாறைச் சுவர் என்றே புரியும்.

அதனால் இப்போதெல்லாம் நண்பரைச் சரிவுக்குப் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொல்லி, போனில் கொஞ்சம் ஜூம் வைத்து எடுக்கச் சொல்கிறேன். போனைச் சரிவுக்கு ஏற்ப சாய்க்கவே கூடாது, படத்தில் ஒரு அடிமரமாவது இருக்க வேண்டும். மரம் நேராக நிற்கும், பைக் தலைகுப்புற இறங்கும். அந்த ஒரு ஷாட்டை நெஞ்சு வீடியோவுக்கு முன்னால் ஒட்டினால், பிறகு வரும் ஒவ்வொரு குலுக்கலும் பார்ப்பவருக்கு உறைக்கிறது.

வாங்குவதற்கு முன் தண்ணீர்ப் பையையும் முதுகில் மாட்டிக்கொண்டு போட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு பட்டைகளும் தோளில் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுத்துகின்றன.