ட்ரம் சாண்டருக்கு உப்புத்தாள்: ஆறு வருட அனுபவம்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவுப் பலகை, ஜன்னல் சட்டம், மேசைப் பலகை இவைதான் முக்கிய வேலை. மரம் பெரும்பாலும் அயனி, பலா, தேக்கு. ஆறு வருடமாக 16 அங்குல ட்ரம் சாண்டர் ஒன்றை ஓட்டி வருகிறேன்; உப்புத்தாள் சுற்றிய உருளை (ட்ரம்) சுழன்று, அடியில் விடும் பலகையைத் தேய்த்துத் தரும் இயந்திரம் அது. ஒரு பக்கம் திறந்த வகை, அதனால் பலகையைத் திருப்பி விட்டு 32 அங்குலம் வரை தேய்க்கலாம். இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் வருடம் கையைக் கடித்தது அதற்குப் போடும் உப்புத்தாள்தான்.

இயந்திரத்தோடு வந்த உப்புத்தாள் பட்டைகள் மூன்றே மாதத்தில் தீர்ந்தன. அளவாக வெட்டி டப்பாவில் வரும் பட்டையை வரவழைத்தால் விலையும் அதிகம், வந்து சேரவும் நாளாகும். ஒரு அயனிக் கதவு ஜோடி பாதியில் கிடந்து வீட்டுக்காரர் தினமும் போன் செய்த வாரத்தில்தான், இதை நாமே வெட்டிக்கொள்ள முடியாதா என்று கழற்றிப் போட்ட பழைய பட்டையை அளந்து பார்த்தேன். 3 அங்குல அகலம், சுமார் 8 அடி நீளம், இரண்டு முனையும் சாய்வு வெட்டு. அவ்வளவுதான். ட்ரம் 5 அங்குல விட்டம். அதன் மேல் சேலை சுற்றுவது மாதிரி சாய்வாகச் சுற்றி ஏறுகிறது.

முதலில் ஊர்க் கடையில் பெயரில்லாத எமரி ரோல், அதாவது துணி முதுகில் மணல் ஒட்டிய உப்புத்தாள் சுருள், வாங்கினேன். விலை ரொம்பக் குறைவு. ஒரு தேக்குப் பலகையை மூன்றாவது முறை விடும்போது பசை சூட்டில் இளகி, மணல் உதிர்ந்து, பலகையின் நீளம் முழுக்க நகத்தால் கீறியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டை எடுக்கவே அரை நாள் போனது. அடுத்து நல்ல கம்பெனித் துணி வாங்கினேன், ஆனால் மெல்லிய வகை. அது ஓட ஓட நீண்டு தளர்ந்து, ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிக் கிழிந்தது.

விஷயம் புரிந்தது கோயம்புத்தூரில். அங்கே வார்ப்பட வேலைக்கும் பாலிஷ் வேலைக்கும் எமரி பெல்ட் ஒட்டித் தரும் கடைகள் உண்டு. ஒரு கடைக்காரர் என் கிழிந்த பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஜே துணிங்க. வளைவு நெளிவைத் தேய்க்கறதுக்கு. ட்ரம்முல சுத்தறதுன்னா எக்ஸ் துணி போடுங்க, இழுத்தாலும் நீளாது." துணியின் கனத்தைத்தான் இந்த எழுத்துகள் குறிக்கின்றன. ஜே மெலிது, எக்ஸ் தடிமன், ஒய் அதைவிடத் தடிமன். அலுமினியம் ஆக்சைடு மணல், ரெசின் பசை, எக்ஸ் துணி. இந்த மூன்றும் சரியாக இருந்தால் எந்த நல்ல கம்பெனி ரோலும் போதும். 1954-இல் தொடங்கிய நம் சென்னை கார்போரண்டம் யுனிவர்சல் ரோலும் ஓட்டியிருக்கிறேன், நார்ட்டன் ரோலும் ஓட்டியிருக்கிறேன். என் வேலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கணக்கு இப்படி: 12 அங்குல அகல ரோலில் 5 மீட்டர் வாங்கினால் இரண்டு நீளம்; ஒவ்வொன்றையும் நாலாகக் கீறினால் மொத்தம் எட்டுப் பட்டை. டப்பாவில் வரும் பட்டை இரண்டுக்குக் கொடுத்த காசில் எனக்கு இந்த எட்டும் கிடைத்துவிடுகிறது. 4 அங்குல ரோல் வேண்டாம், ஓரத்தில் ஓர் அங்குலம் வீணாகும். 6 அங்குலம் பரவாயில்லை.

வெட்டும்போது ஒரு கவனம் முக்கியம். பழைய பட்டையை அச்சாக வைத்துப் பென்சிலால் வரைகிறோம் அல்லவா, அப்போது பழையதும் புதியதும் இரண்டுமே முதுகுப் பக்கம் மேலே இருக்க வேண்டும். முதல் தடவை நான் அச்சை மணல் மேலே இருக்கும்படி வைத்து வரைந்ததில் சாய்வு எதிர்ப்பக்கம் போய் எட்டுப் பட்டையும் வீணானது. கத்தியை மணல் பக்கம் வைக்கக் கூடாது, முனை உடனே மழுங்கிவிடும். துணிப் பக்கம் இரும்பு ஸ்கேல் வைத்து இரண்டு முறை கீறினால் மடக்கியதும் சுத்தமாகப் பிரியும். பிசிறு நூல் தொங்கினால் லைட்டரால் லேசாகச் சுட்டுவிடுங்கள். சுற்றும்போது பட்டைக்குப் பட்டை ஒரு நூலிழை இடைவெளி விடலாம், ஒன்றன் மேல் ஒன்று மட்டும் ஏறவே கூடாது. ஏறினால் பலகையில் பாம்பு போன தடம் விழும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, தளர்வை இழுத்து, பட்டை முனையை ட்ரம்மில் உள்ள கிளிப்பில் மறுபடி மாட்டுங்கள். எக்ஸ் துணியும் முதல் சூட்டில் கொஞ்சம் கொடுக்கத்தான் செய்யும்.

அப்புறம், மலிவான பட்டை வாங்கியும் காசு மிச்சமாகாமல் போவது ஒரே தடவையில் தேய்க்கும் ஆழத்தினால்தான். உப்புத்தாளின் நம்பர் ஏற ஏற மணல் பொடிசாகும்: 80 நம்பர் மணல் சுமார் 200 மைக்ரான், அதாவது 0.2 மில்லிமீட்டர். 120 நம்பர் சுமார் 125 மைக்ரான். என் இயந்திரத்தில் கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ட்ரம் 1.6 மில்லிமீட்டர் இறங்கும். கால் சுற்று கொடுத்தாலே 0.4 ஆகிவிடுகிறது, மணலின் உயரத்தைவிட அதிகம். பொடி வெளியேற இடமில்லாமல் அப்பிக்கொண்டு கருகும். இப்போது 80-க்கு அரைக்கால் சுற்று, 120-க்கு அதிலும் பாதி என்று வைத்திருக்கிறேன். பலகையைக் கொஞ்சம் சாய்த்து விடுகிறேன், ஒரே இடத்தில் சூடு ஏறாது. இதற்குப் பிறகு பட்டையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பானது.

பலாவின் மஞ்சள் பொடியும் தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துக்கொள்ளும்போது எடுக்க, க்ரேப் ரப்பரை விடச் சிறந்தது எதுவும் இல்லை. கடையில் தனிக் கட்டியாக விற்பதும் அதே ரப்பர்தான். ரப்பர் தோட்டம் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு அதை ஏன் வாங்க வேண்டும்? செருப்புச் சாமான் கடையில் க்ரேப் சோல் துண்டு கேட்டு வாங்கினேன். ஓடும் ட்ரம்மில் அழுத்திப் பிடித்தால் பொடி முழுக்க ரப்பரோடு ஒட்டி வந்துவிடுகிறது, பட்டை மறுபடி செம்மண் நிறத்துக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். தூசி உறிஞ்சியை ஓட விட்டுத்தான் செய்ய வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் பார்த்தேன். பாலியெஸ்டர் துணிப் பட்டை நன்றாக மீண்டது, பருத்தித் துணிப் பட்டை காய்ந்ததும் சுருண்டு பயனில்லாமல் போனது.

இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் பெரும்பாவூர் பக்கம் பிளைவுட் ஆலைகள் நிறைய. அங்கே ஓடும் அகல பெல்ட்டுகள் நாலடிக்கு மேல் அகலம், எட்டரை அடி அளவு நீளம். ஓரம் கிழிந்தால் மாற்றிவிடுவார்கள். தெரிந்த லாரி ஓட்டுநர் மூலம் அப்படி ஒன்று கிடைத்தது. ஒட்டுப் போட்ட இடத்தையும் கிழிசலையும் விலக்கி வெட்டியதில் பதினான்கு பட்டை தேறியது. கருப்பு சிலிக்கான் கார்பைடு மணல், ஒய் துணி. விறைப்பாக இருப்பதால் சுற்றுவது கொஞ்சம் சிரமம். மணலின் முனை மழுங்கியிருந்ததால் அயனியில் மெதுவாகத்தான் தின்றது. ஆனால் வெட்டுப்பலகை, பழைய மரத்தின் பெயின்ட் எடுப்பது மாதிரி வேலைக்கு அதையேதான் போடுகிறேன், நல்ல பட்டையை அதில் பாழாக்க மனம் வராது.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் பட்ட ரோல் சுருண்டு ட்ரம்மில் படியாது. அதனால் வெட்டிய பட்டைகளை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் தளர்வாகச் சுருட்டி, மணல் பக்கம் வெளியே இருக்கும்படி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பரும் மாட்டிய தேதியும் எழுதிவிடுவேன்.